ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் துளை தெரியவில்லையா? அறிகுறியை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்போம்

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது துப்பாக்கியில் பொருத்தாமல், முக்காலியில் வைத்து இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கி. அதில் இலக்குத் தாளில் விழுந்த குண்டுத் துளை தெரியவில்லை என்றதும் அடுத்த பெரிய ஸ்கோப்பைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான், முன்வில்லையின் விட்டம் 65 மி.மீ. உள்ள நல்ல ஸ்கோப் ஒன்றைக் கொடுத்துவிட்டு 80 மி.மீ.க்கு மாறினேன். 300 மீட்டரில் அந்த மங்கல் அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து விடிந்ததும் சுடுதளத்துக்குப் போய் அதே தூரத்தில் தாளைப் பார்த்தபோது, துளைகளின் கிழிந்த விளிம்பு வரை தெரிந்தது. முந்தைய வாரம் நான் பார்த்தது உச்சி வெயிலில். குறை காற்றில் இருந்தது, நான் மாற்றியது ஸ்கோப்பை.

அதற்கப்புறம் யார் வந்து கேட்டாலும் ஒரு வரிசையைத்தான் சொல்கிறேன்: காற்று, கால், கண், கண்ணாடி. கால் என்றால் முக்காலி, கண்ணாடி என்றால் ஸ்கோப்பின் வில்லைகள். முதல் மூன்றையும் சோதித்து முடித்த பிறகுதான் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசையில் போனால் இருப்பதையே சரிசெய்ய முடியுமா, புதிது வாங்க வேண்டுமா, வாங்கினால் எந்த மாதிரி என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிங் ஸ்கோப் சரியில்லை என்பதற்காக ரைஃபிள் மேல் இருக்கும் ஸ்கோப்பால் சுற்றுப்புறத்தைப் பார்க்காதீர்கள். அதில் எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கித் துப்பாக்கியும் நீட்டப்பட்டிருக்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது ஆளாகவும் இருக்கலாம்.

துளையே தெரியவில்லை

துளை எவ்வளவு சிறியது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற அளவு சுமார் 1 கோண நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது 60 கோண வினாடி. .22 குண்டின் விட்டம் ஏறக்குறைய 5.6 மி.மீ. 50 மீட்டரில் அது 23 கோண வினாடி, 100 மீட்டரில் பதினொன்றரை. 7.62 மி.மீ. குண்டின் துளை 300 மீட்டரில் 5 கோண வினாடியைச் சற்றே தாண்டும். 600 மீட்டரில் வெறும் 2.6.

புள்ளி மாதிரி ஏதோ தெரிந்தால் போதாது. ‘இது துளைதான், ஈயோ அழுக்கோ இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், பெருக்கிய பிறகு அது 3 அல்லது 4 கோண நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். அந்தக் கணக்கில் 50 மீட்டருக்கு 15 மடங்கு தாராளம். 100 மீட்டருக்கு 20 முதல் 25. 300 மீட்டருக்கு 40 மடங்கை ஒட்டி. 600 மீட்டரில் 60 மடங்கு வைத்தாலும் நிறைவாகத் தெரியாது.

பெருக்கத்தோடு கதை முடிவதில்லை. முன்வில்லைக்கென்று ஒரு வரம்பு உண்டு. 116ஐ முன்வில்லையின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு கோண வினாடியில் கிடைக்கும். வானியலில் இரட்டை நட்சத்திரங்களுக்காக வந்த தோராயக் கணக்கு இது, ஆனால் நமக்கும் உதவும். 50 மி.மீ.க்கு 2.3, 65 மி.மீ.க்கு 1.8, 80 மி.மீ.க்கு 1.45. காகிதத்தில் பார்த்தால் 80 மி.மீ. ஸ்கோப் 600 மீட்டரில் 7.62 துளையைக் காட்ட வேண்டும். நடுவில் இருக்கும் காற்று அதற்கு விடுவது அபூர்வம். ஆகவே 600 மீட்டருக்கு அப்பால் தாளில் துளை பார்ப்பதுதான் உங்கள் ஒரே தேவை என்றால், இலக்கருகே வைக்கும் கம்பியில்லாக் கேமராவை வாங்குங்கள். இல்லாவிட்டால் தாளுக்குப் பதிலாக வண்ணம் பூசிய இரும்புத் தகட்டைச் சுடுங்கள். குண்டு பட்ட இடத்தில் வண்ணம் உதிர்ந்து, துளையைவிடப் பல மடங்கு பெரிய தடம் தெரியும்.

100 மீட்டரிலேயே தெரியவில்லை என்றால் தாளைக் கவனியுங்கள். வெள்ளைப் பகுதியில் விழுந்த துளை பளிச்சென்று தெரிந்து, கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது தெரியவில்லையா? ஸ்கோப்பில் குறை இல்லை. கறுப்புக்குள் கறுப்பாக இருப்பதை எந்த ஸ்கோப்பும் பிரித்துக் காட்டாது. குண்டு பட்டதும் சுற்றிலும் மஞ்சளோ பச்சையோ விரிகிற தாள்கள் கிடைக்கின்றன, பயிற்சிக்கு அவையே போதும். தாளைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பின்புறத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் வரைந்து சுட்டாலும் சரி. தாளுக்குப் பின்னால் வெயில் விழுந்த மணல்மேடு இருந்தால் துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அதே மேடு நிழலுக்குள் போனதும் மறைந்துவிடும். காலையில் தெரிந்தது மாலையில் ஏன் தெரியவில்லை என்பதற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

படம் கொதிக்கிறது, தாள் தண்ணீருக்கடியில் கிடப்பது போல் ஆடுகிறது

இது கானல். தரை சூடாகி, அதன் மேல் காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு வெப்பத்தில் நகரும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியும் இதைத் தாண்டாது. இன்னும் சொன்னால், நல்ல ஸ்கோப் கானலையும் தெளிவாகக் காட்டும்.

முதல் வேலை, பெருக்கத்தைக் குறைப்பது. 60இல் குழம்பிக் கிடக்கும் தாள் 25இல் ஓரளவு நிலைத்து நிற்கும். படம் சிறிதாகும், ஆனால் விவரம் கூடும். அப்புறம் பொறுமை. கண்ணை எடுக்காமல் அரை நிமிடம் பாருங்கள். இடையிடையே ஒரு நொடி எல்லாம் அடங்கித் துளைகள் பளிச்சிடும், அந்த நொடிகளைச் சேர்த்துத்தான் துளைகள் எங்கே என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கானல் உங்கள் பக்கத்திலேயே பிறக்கிறதா என்றும் பாருங்கள். தொடர்ந்து சுட்டுச் சூடேறிய ரைஃபிள் குழாய்க்கு நேர் பின்னால் ஸ்கோப்பை வைத்திருந்தால், குழாயிலிருந்து எழும் வெப்பம் முன்வில்லைக்கு முன்னாலேயே ஆடும். ஒரு கை அகலம் நகர்த்தினாலே தீர்ந்துவிடும். காருக்குள்ளிருந்து பார்த்தால் பானெட்டின் சூடும், அறைக்குள்ளிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே வெளியேறும் காற்றும் இதையே செய்யும். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக 40 மடங்கில் பார்த்துவிட்டு ஸ்கோப்பைக் குறை சொல்லக் கூடாது. முடிந்தால் ஸ்கோப்பை உயரத்தில் வையுங்கள். தரையை ஒட்டித்தான் கானல் அடர்த்தி.

தொலைவில் சுடுபவருக்குக் கானல் பகை மட்டும் அல்ல, காற்றைச் சொல்லும் கருவியும் அதுதான். இலக்கில் ஃபோகஸ் வைத்துவிட்டு, வளையத்தைச் சற்றே திருப்பி இலக்குக்கு முன்னால், பாதித் தூரத்தைத் தாண்டி ஓரிடத்தில் நிறுத்துங்கள். இலக்கு லேசாக மங்கும், கானல் அலைகள் மட்டும் தெளிவாகத் தெரியும். அலை நேராக மேலே எழுந்து கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை, அல்லது காற்று நேர் முன்னிருந்தோ பின்னிருந்தோ வருகிறது. சாய்ந்து ஓடினால் ஓடும் திசையே காற்றின் திசை. மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது அலை தட்டையாகப் படுத்துவிடும். அதற்கு மேல் வேகத்தைக் கானலை வைத்துச் சொல்ல முடியாது, புல்லையும் கொடியையும்தான் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு நுண்மையாகத் திரும்பும் ஃபோகஸ் வளையம் வேண்டும். கொஞ்சம் தொட்டாலே நூறு மீட்டர் தாவும் வளையம் எரிச்சலைத்தான் தரும்.

படம் நடுங்குகிறது

ஸ்கோப்பின் தலையில் விரலால் மெல்லத் தட்டிவிட்டு, படம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நொடிக்குள் அடங்கினால் முக்காலி நல்லது. இரண்டு, மூன்று நொடி ஆடிக்கொண்டே இருந்தால் பணத்தை முக்காலிக்குச் செலவழியுங்கள். 60 மடங்கில் படம் பெரிதாவது போலவே நடுக்கமும் 60 மடங்கு. ஸ்கோப்புக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு முக்காலிக்குக் கிள்ளிக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இருக்கும் முக்காலியை வைத்தே செய்யக்கூடியவை உண்டு. நடுத்தண்டை முழுவதும் இறக்குங்கள். கால்களை நீட்டும்போது தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள், மெல்லிய கடைசிப் பகுதியை முடிந்தவரை உள்ளேயே விடுங்கள். உட்கார்ந்து பார்க்க முடிந்தால் உட்காருங்கள். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொடட்டும். காற்றில் ஊசலாடும் பை நிலைமையை இன்னும் கெடுக்கும். ஸ்கோப்பின் அடித்தட்டுக்கும் முக்காலித் தலைக்கும் நடுவில் திருகு இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். நடுக்கத்தின் ஊற்று அடிக்கடி அந்த ஒரே திருகுதான்.

தளத்தில் இன்னொன்று. சுடும் மேசையின் மேலேயே குட்டி முக்காலியை வைத்தால் பக்கத்தில் யார் சுட்டாலும், நீங்கள் தோட்டா மாற்றினாலும் படம் குதிக்கும். முக்காலியைத் தரையில் ஊன்றுங்கள். ஃபோகஸ் செய்ததும் கையை எடுத்துவிடுங்கள். கண்ணைக் கண்கிண்ணத்தில் (கண் வைக்கும் முனையில் உள்ள விளிம்பு) அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வையுங்கள், உங்கள் நாடித்துடிப்புகூடப் படத்தில் தெரியும்.

ஜூம் செய்தால் மங்குகிறது, இருட்டுகிறது

இருட்டுவது இயல்பு. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 20-60×80 என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பில் 20 மடங்கில் அது 4 மி.மீ., 60இல் 1.3 மி.மீ. பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஆகவே 80 மி.மீ. ஸ்கோப்பில் 30 மடங்கு வரை பகலில் இருட்டுவது தெரியாது. பொழுது சாயும்போது கண்பாவை 5 மி.மீ.க்கும் மேல் விரியும், வயது கூடக்கூட விரிவது குறையும். அப்போது 40 மடங்கில் நின்றுகொண்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதைவிட, 20க்கு இறங்கினால் மானின் கொம்பு கிளைகளோடு தெரியும்.

வேட்டைக்கு அனுமதி உள்ள இடங்களில் விலங்குகள் வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அங்கே முன்வில்லையின் அளவு உண்மையிலேயே பேசும். 85 மி.மீ. வில்லை 65 மி.மீ.யைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு ஒளியை வாங்கும். வெயிலில் 100 மீட்டர் தாளை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கூடுதல் எடையால் பெரிய பயன் இல்லை.

இருட்டு இல்லை, கூர்மைதான் போகிறது என்றால் சோதனை வேறு. கானல் இல்லாத விடியலில், 50 மீட்டரில் சிறிய எழுத்துகள் அச்சடித்த தாளை ஒட்டிவிட்டு, முழுப் பெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். நல்ல ஸ்கோப்பில் ‘இதோ’ என்று ஓரிடத்தில் எழுத்து வந்து நிற்கும். முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் சந்தேகம். நிற்கும் கோடுகள் ஓரிடத்திலும் படுத்த கோடுகள் இன்னோரிடத்திலும் கூர்மையானால் எங்கோ சிதறல் (ஆஸ்டிக்மாடிசம்) இருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். மங்கலின் திசையும் தலையோடு சேர்ந்து சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில், மூக்குக் கண்ணாடி அணிந்து பாருங்கள். தலையைச் சாய்த்தும் மாறாமல், ஸ்கோப்பை முக்காலியோடு பிணைக்கும் வளையத்துக்குள் சுழற்றும்போது மட்டும் மங்கல் கூடவே சுழன்றால் குறை ஸ்கோப்பில். ஒரே மாடலில் இரண்டு ஸ்கோப்புகள் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். உச்சப் பெருக்கத்தில் ஒன்று கூர்மையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, அந்தக் குறிப்பிட்ட ஸ்கோப்பையே முழுப் பெருக்கத்தில் சோதியுங்கள்.

கறுப்பு நிழல் வந்து வந்து போகிறது

கண் வைக்கும் இடம் தவறு. மிக அருகே போனால் அவரை விதை வடிவத்தில் கறுப்பு மிதக்கும், தள்ளிப் போனால் படம் சாவித்துளை வழியே பார்ப்பது போல் சுருங்கும். கண்கிண்ணத்தைத் திருகி ஏற்றி இறக்கி உங்களுக்கு ஏற்ற உயரத்தைக் கண்டுபிடியுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் முழுவதும் இறக்கிவிட வேண்டும். அவர்கள் வாங்கும்போது விவரப் பட்டியலில் கண் தூரம் (முழுப் படமும் தெரியக் கண் தள்ளியிருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த ஐபீஸை, அதாவது கண் வைக்கும் வில்லையை, விட்டுவிடுவது நல்லது. வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸாலேயே சரிசெய்துகொள்ளலாம். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அது முடியாது.

இலக்கு அகப்படவே மாட்டேன் என்கிறது

எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தேடுங்கள், கிடைத்த பிறகு ஜூம் செய்யுங்கள். சாய்ந்த ஐபீஸ் உள்ள ஸ்கோப்பில் புதியவர்கள் திணறுவது சகஜம், கண் ஒரு பக்கம் பார்க்க ஸ்கோப் வேறு பக்கம் பார்க்கிறது. முன்குழாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி, அதன் வாலைக் கொஞ்சம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். ஒரு முறை இலக்கை நடுவில் வைத்துவிட்டு, ஐபீஸுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது வால் நுனி இலக்கைத் தொடும்படி டையை நகர்த்துங்கள். அப்புறம் நுனியை வைத்தே குறிபார்க்கலாம்.

நேரான ஸ்கோப்பா, சாய்ந்ததா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். படுத்துச் சுடுபவருக்குச் சாய்ந்ததுதான். வளையத்தில் சுழற்றி ஐபீஸைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால், தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்காமலே கண்ணை மட்டும் நகர்த்திப் பார்க்கலாம். உயரம் வேறுபட்ட பலர் மாறி மாறிப் பார்க்கும் இடத்திலும் அதுவே வசதி, முக்காலியும் தாழ்வாக நிற்கும். வண்டிக்குள்ளிருந்தோ மலைச்சரிவில் கீழ்நோக்கியோ பார்ப்பவருக்கு நேரானது.

நிறக் கோடு தெரிகிறது

கறுப்பு வட்டத்தின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ தெரிந்தால், முதலில் கண்ணை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், ஓரமாக வைத்துப் பார்த்தால் நல்ல ஸ்கோப்பிலும் தெரியும். நடுவில் வைத்தும் 40 மடங்குக்கு மேல் பட்டையாகத் தெரிந்தால் அது வில்லையின் நிறப்பிறழ்ச்சி. இதற்குப் பரிகாரம் நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் ஈடி கண்ணாடியோ ஃப்ளோரைட்டோ உள்ள ஸ்கோப்தான். 30 மடங்குக்குள்ளேயே பயன்படுத்துபவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே பனி படர்கிறது

துடைத்தால் போவது வெளிப்பனி. குளிர்ந்த அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தால் படரும், பையோடு வெளியே வைத்துச் சிறிது நேரம் விடுங்கள். துடைத்தும் போகாமல் உள்ளே படர்ந்தால், ரப்பர் வளையம் ஏதோ கசிந்து உள்ளே நிரப்பியிருந்த நைட்ரஜனோ ஆர்கானோ போய்விட்டது. நீங்களே பிரிக்காதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஈரப்பதம் அதிகமான இடத்தில் ஸ்கோப்பை மூடிய பையில் மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது, வில்லையில் பூஞ்சை பிடித்தால் பூச்சையே அரித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

குண்டு எங்கே விழுந்தது என்றே சொல்ல முடியவில்லை

சுடுபவருக்குத் துணையாகப் பார்ப்பவர்கள் சொல்லும் குறை இது. பெரும்பாலும் பெருக்கம் அதிகம், நிற்கும் இடம் தவறு. 20 மடங்கை ஒட்டி வையுங்கள். சுடுபவருக்கு நேர் பின்னால், குழாயின் கோட்டுக்குச் சற்று மேலே ஸ்கோப் இருக்கட்டும். ஃபோகஸை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். இவை மூன்றும் அமைந்தால், குண்டு கலைத்துச் செல்லும் காற்று கண்ணாடியில் தண்ணீர் கோடு இழுத்தது போல் மேலே எழும்பி இலக்கை நோக்கி இறங்குவதைப் பார்ப்பீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். பக்கத்து மேசையிலிருந்து பார்த்தால் கோடு குறுக்கே ஓடுவதால் எங்கே இறங்கியது என்று தவறாகச் சொல்வீர்கள்.

ரெட்டிகிள் (படத்துக்குள் தெரியும் அளவுக்கோடுகள்) உள்ள ஸ்கோப்பில் திருத்தம் சொல்லியும் ஒத்துவரவில்லை என்றால், இரண்டு பேருடைய அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஒருவர் மில் என்ற கோண அளவு, மற்றவர் கோண நிமிடம் என்று இருந்தால் குழப்பம்தான். 100 மீட்டரில் 1 மில் 10 செ.மீ., 1 கோண நிமிடம் 2.9 செ.மீ. ரெட்டிகிள் ஜூமோடு சேர்ந்து பெரிதாகாத வகையாக இருந்தால், ஒரே ஒரு பெருக்கத்தில்தான் அளவு சரியாக வரும். 100 மீட்டரில் ஒரு மீட்டர் கோலை நிறுத்திப் பார்த்தால் 10 மில் வர வேண்டும். வராத பெருக்கத்தில் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்துப் போவதில்லை

இதையும் நான் குறையாகவே எண்ணுகிறேன். 80, 85 மி.மீ. ஸ்கோப்பும் அதைத் தாங்கும் முக்காலியும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டுவது எளிது. நாள் முழுக்க மலை ஏறுபவர் மூன்றாவது பயணத்தில் அதை வைத்துவிட்டுப் போவார். அவருக்கு 50 முதல் 65 மி.மீ.க்குள் ஒன்று போதும். பைனாகுலரால் சரிவை நிதானமாகத் துழாவி, சந்தேகப்பட்ட புதரை மட்டும் ஸ்கோப்பால் பார்த்தால் சிறிய வில்லை பெரிய இழப்பாகத் தெரியாது. தளத்தில் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, 80 மி.மீ. வாங்கலாம். இரண்டும் செய்பவர் 65 மி.மீ. ஈடி ஸ்கோப்பும் உறுதியான முக்காலியும் வாங்கட்டும். நான் முதலில் கொடுத்துவிட்டதும் அந்த மாதிரி ஒன்றைத்தான், பிறகு திரும்ப வாங்கினேன்.